சீதனமும் சிறுபரிசும்

திருமணம் செய்துகொண்ட நாளை ஆண்டுதோறும் நினைவிற்கொண்டு, கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் சிறு பொருளொன்றை வழங்கி மகிழும் வழக்கம் யாழ்ப்பாணத்திலே இன்று பரவி வருகின்றது. உத்தியோகத்தர் வீடுகளில் மட்டுமன்றி, மேசன் தொழிலாளியின் வீட்டிலும் தையற்காரியின் வீட்டிலும் இதனைக் காணலாம். திருநெல்வேலிச் சந்தையிலோ, சுன்னாகத்திலோ, சாவகச்சேரியிலோ சில நூறு ரூபாவுக்கு வாங்கிய ஒரு சீப்பு, ஒரு சோடி கண்ணாடி வளையல், பனையோலைப் பெட்டி, குட்டானில் வார்த்த பனங்கட்டி, ஒரு முழம் மல்லிகைச் சரம் ஆகியனவே பெரும்பாலும் அப்பரிசுகள்.

இச்சிறு வழக்கத்தைப் பற்றி நம்மிடையே மூன்று குரல்கள் கேட்கின்றன. முதலாவது, பண்பாட்டுக் காவலரின் குரல். "இது மேனாட்டார் வழக்கம், தமிழர் வாழ்வில் இதற்கு இடமில்லை" என்கின்றது அது. இரண்டாவது, நம் தோழர்கள் சிலரின் குரல். "இது குட்டி முதலாளித்துவ மனமயக்கம், போராட வேண்டிய காலத்தில் வளையலும் பூவும் எதற்கு?" என்று அது ஏளனம் செய்கின்றது. மூன்றாவது, வணிகரின் குரல். அது கண்டிப்பதில்லை, மாறாகப் பெரிதும் ஊக்குவிக்கின்றது. "கொண்டாடுங்கள், ஆனால் தங்கத்தோடு கொண்டாடுங்கள், கையிற் பணமில்லையேல் தவணை முறையிற் செலுத்துங்கள்" என்கின்றது. ஒன்றோடொன்று முரண்படுவனபோலத் தோன்றும் இம்மூன்று குரல்களும் ஒரு விடயத்தில் முற்றாக உடன்படுகின்றன. சந்தையில் வாங்கிய அந்தச் சிறு பொருள் மதிக்கத்தக்கதன்று என்பதே அவ்வுடன்பாடு. இக்கட்டுரை அந்தச் சிறு பொருளின் பக்கம் நின்று பேசுகின்றது.

பண்பாட்டுக் காவலரை முதலில் நோக்குவோம். ஆண்டு நிறைவை எண்ணுதல் நமக்குப் புதிதா? ஒருவர் இறந்த திதியை ஆண்டுதோறும் எண்ணுகின்றோம். ஆட்டைத் திவசத்திற்கு அவர் உண்டு மகிழ்ந்த பதார்த்தங்களைத் தேடி வாங்கிப் படைக்கின்றோம். இறந்தவளுக்குப் பிடித்த பலகாரத்தை மறவாது நினைவிற் கொள்ளும் சமுதாயம், உயிரோடிருக்கும் மனைவிக்குப் பிடித்தது யாது என ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்தலை அந்நிய நாகரிகம் என்று தள்ளுவது எவ்வாறு பொருந்தும்?

"நமக்கும் அறுபதாம் கலியாணம் உண்டே" எனச் சிலர் விடையிறுப்பர். உண்டு. ஆனால் அவ்விழாவிலே எண்ணப்படுவது எது? தம்பதியர் இணைந்து வாழ்ந்த ஆண்டுகள் அல்ல, கணவனின் வயது. அவனுக்கு அறுபது நிறைந்தமையாற் சடங்கு நிகழ்கின்றது. அவன் அருகில் அமர்ந்திருப்பவளுக்கு வயது ஐம்பதா, ஐம்பத்தைந்தா என்பதை அச்சடங்கு கேட்பதில்லை. அவனுக்கு முன்பே அவள் இறந்துவிட்டாலோ, அவளுக்கு எந்த எண்ணிக்கையும் இல்லை. திருமண நாளை எண்ணும் புதிய வழக்கத்திலே இருவருக்கும் வயது ஒன்றே. இருவரும் ஒரே நாளில் தொடங்கிய வாழ்வு அங்கே கணக்கிடப்படுகின்றது. மேற்கிலிருந்து வந்ததோ கிழக்கிலிருந்து வந்ததோ, இவ்வகையிலே அது பழையதினும் நீதியானது.

இனி, அன்பிற்கு அடையாளமாகச் சிறு பொருள் வழங்குதல் தமிழர்க்கு அந்நியம் என்போர் நம் பழைய இலக்கியத்தைப் படித்தறியாதவர் என்றே கூறவேண்டும். அகப்பாடல்களிலே தலைவன் தலைவிக்குக் கொண்டுவரும் காணிக்கைக்குக் 'கையுறை' என்று பெயர். அது பொன்னும் மணியும் அன்று. மலைச்சாரலிற் பறித்த பூவும் தழையும். விலையற்ற அப்பொருள்களுக்குக் கவிதையில் ஒரு தனித்துறையே அமைந்தது. அதனினும் முக்கியமான செய்தி வேறொன்று உண்டு. கையுறையை ஏற்பது போலவே அதனை மறுப்பதும் ஒரு துறையாகும். குறுந்தொகையின் முதற்பாடலே அவ்வாறு மறுப்பதுதான். தலைவன் காந்தட்பூவை நீட்டுகின்றான். எங்கள் குன்றிலேயே அது நிறைய உண்டு என்று தோழி சொல்லிவிடுகின்றாள்.

மாணவர்க்கு இப்பாடலைக் கற்பிக்கும்போது திணையும் துறையும் கூறி முடித்துவிடுகின்றோம். அதன் சமூகப் பொருளை எடுத்துக்காட்டுவதில்லை. மறுக்கக்கூடியது எதுவோ அதுவே பரிசு. மறுக்க முடியாதது விலை, அல்லது வரி. கையுறை வழங்குபவன் ஏற்பவள் முன்னே காத்து நிற்கின்றான். முடிவு அவள் பக்கத்தில் இருக்கின்றது. இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு, நம் சமுதாயம் மெய்யாகவே போற்றிவரும் 'பரிசு' எது எனக் காண்போம்.

அது சீதனம். காணி, வீடு, நகை, அவற்றின் மேல் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரொக்கமாகக் கொடுக்கும் 'டொனேசன்'. நன்கொடை என்ற பொருள்படும் சொல் இதனினும் கீழான நிலைக்கு வேறெங்கும் இறங்கியதில்லை. அது நன்றன்று, கொடையுமன்று. தமையன் வாங்கிய ரொக்கம் தங்கையின் சீதனமாகின்றது. தங்கையை மணந்தவன் வாங்கிய ரொக்கம் அவன் தங்கையின் சீதனமாகின்றது. வீட்டுக்கு வீடு கைமாறும் இப்பணத்தின் நடுவே இரு மனிதர் ஒருவரையொருவர் விரும்பினரா என்பது கேட்கப்படாத வினாவாகவே இருந்து வந்துள்ளது. பெண்ணைப் பெற்றவன் இதனை மறுக்க இயலுமா? மறுத்தால் மகள் வீட்டில் இருப்பாள். ஆகவே நமது அளவுகோலின்படி சீதனம் பரிசன்று.

1707ஆம் ஆண்டு ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே சொத்து மூவகையாகப் பகுக்கப்படுகின்றது. முன்னோர்வழி வருவது முதுசம். மனைவி கொண்டுவருவது சீதனம். மணவாழ்க்கையில் ஈட்டுவது தேடிய தேட்டம். சீதனம் பெண்ணுக்குரிய சொத்து என்று பெருமை பேசுவோர், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் விதித்ததையும் சேர்த்துப் பேசுதல் வேண்டும். மனைவி தன் பெயரிலுள்ள காணியையோ வீட்டையோ விற்கவோ ஈடுவைக்கவோ கணவனது எழுத்துமூலச் சம்மதம் தேவை என்றது அச்சட்டம். கணவன் தன் முதுசக் காணியை விற்பதற்கு மனைவியின் கையெழுத்தை அது கோரவில்லை. பெண்ணின் பெயரில் எழுதப்பட்ட சொத்தின் சாவி ஆணின் பையில் இருந்தது. திருமண நாளில் வழங்கப்பட்ட அப்பெரும் 'பரிசை'ப் பண்பாடு என ஏற்றுக்கொண்டு, அதே நாளின் ஆண்டு நிறைவில் வழங்கப்படும் கண்ணாடி வளையலை அந்நியம் என இகழ்வோரின் பண்பாட்டுப் பற்று எத்தகையது என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

அடுத்து, வணிகரின் குரல். ஆண்டு நிறைவுக்கு இன்னின்ன பொருளே வழங்குதல் வேண்டும் என்ற பட்டியல்களை இன்று படித்தவர்களும் நம்புகின்றனர். அவை ஏதோ தொன்மையான மரபு எனவும் கருதுகின்றனர். வெள்ளி விழாவும் பொன் விழாவும் ஐரோப்பாவிற் பழையனவே. ஆனால் ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு பொருள் என விரித்த பட்டியலை 1937இல் வெளியிட்டது அமெரிக்க நகை வியாபாரிகளின் சங்கம். நகை விற்பவரே எந்த ஆண்டில் எந்த நகை வாங்குதல் வேண்டும் எனச் சாத்திரம் வகுத்தார். பத்தாண்டு கழித்து, 1947இல், வைரம் என்றென்றைக்கும் உரியது என்ற விளம்பர வாசகம் டி பியர்ஸ் நிறுவனத்துக்காக எழுதப்பட்டது. உலகின் வைர விநியோகத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த நிறுவனம் அது. தென்னாபிரிக்காவின் கிம்பர்லிச் சுரங்கங்களிலே ஆபிரிக்கத் தொழிலாளர் 1880களிலிருந்து வேலியிட்ட விடுதிகளில் அடைக்கப்பட்டு, ஒப்பந்தம் முடியும்வரை வெளியேற விடப்படாது வேலை வாங்கப்பட்டனர் என்பதை அவ்விளம்பரம் கூறவில்லை. பண்டத்தின் பளபளப்பு உழைத்தவனின் கையை மறைத்துவிடுகின்றது என்று மார்க்ஸ் 1867இல் விளக்கினார். அதற்கு இதனினும் பொருத்தமான எடுத்துக்காட்டுத் தேடவேண்டியதில்லை.

பொன்னால் அன்பை அளக்கும் கதை நமக்கும் தெரிந்ததே. ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறுமதியுள்ள மாலையை வாங்குவோன் மாதவிக்கு உரியவன் என்று மறுகிலே கூனி நின்று கூறினாள், கோவலன் வாங்கினான். சிலப்பதிகாரத்தின் துன்பம் அந்தக் கொள்வனவிலிருந்தே தொடங்குகின்றது. மாலை வாங்கிய குடும்பம் இறுதியிற் சிலம்பு விற்க மதுரைக்குப் போயிற்று. இளங்கோவடிகள் பொருளியல் எழுதவில்லை. ஆயினும் வாங்கிய பொன் விற்கும் பொன்னாவது எவ்வாறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் காலத்து மதுரை அடகுக் கடையாகும். 2022ஆம் ஆண்டு நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியது. அம்மாதங்களிலே தாலிக்கொடியைத் தவிர எஞ்சிய நகையெல்லாம் அடகுக்குப் போன வீடுகளை நாம் ஒவ்வொருவரும் அறிவோம். தாலிக்கொடியும் போன வீடுகளையும் அறிவோம். 2025இல் ஒரு பவுண் தங்கத்தின் விலை மூன்று இலட்சம் ரூபாவைக் கடந்தது. அந்நிலையில் ஆண்டு நிறைவுக்கு ஒரு மோதிரம் வாங்குக என்று தூண்டுவது ஓர் ஆசிரியனின் பல மாத ஊதியத்தைக் கேட்பதாகும். கூலித் தொழிலாளியிடம் கேட்பது கடனையே. வடக்கிலே போருக்குப்பின் நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, பெண்களின் கையொப்பத்தைப் பெற்றுக் கடன் கொடுத்தன. கிழமைதோறும் அதே வாசலில் வந்து நின்று வசூலித்தன. 2018இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களை நீக்குவதாக அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. கடனில் வாங்கும் பரிசு கணவன் மனைவிக்கு வழங்குவதன்று. இருவரும் சேர்ந்து கடன்காரனுக்கு வழங்குவது.

இனி நம் தோழர்களிடம் வருவோம். இவர்களோடு வாதிடுவது சற்று வருத்தமானது. ஏனெனில் இவர்கள் நம்மவர். ஆண்டு நிறைவும் பரிசும் உழைப்பாளியின் கவனத்தைச் சிதறடிக்கும் பகட்டு என்கின்றனர். வணிகர் விற்கும் கொண்டாட்டத்தைப் பற்றி இவர்கள் இதனைக் கூறின் நமக்கு மறுப்பில்லை. ஆனால் எட்டு மணி நேரம் சாந்து குழைத்தவன் சந்தை வழியே வரும்போது ஒரு முழம் பூ வாங்குவதிலே எந்த முதலாளித்துவம் வளர்கின்றது? எங்கெல்ஸ் 1884இல் குடும்பத்தின் தோற்றத்தைப் பற்றி எழுதியபோது காதலைக் கண்டிக்கவில்லை. திருமணத்தைச் சொத்துக் கணக்காக்கியதையே கண்டித்தார். சொத்துக் கணக்கு நீங்கினால் இருவரது விருப்பம் ஒன்றே மணவாழ்வின் அடிப்படையாகும் என்பது அவர் வாதம். காதலைப் பணக்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, உழைப்பாளிக்குக் கடமையை மட்டும் ஒதுக்குவது எந்தப் பொதுவுடைமை?

அதனினும் கனமான ஒரு காரணமும் உண்டு. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் எழுச்சியும் அதனைத் தொடர்ந்த போராட்டங்களும் தேநீர்க் கடைகளையும் ஆலயங்களையும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்ட வரலாற்றை நாம் பெருமையோடு கூறுகின்றோம். கூறவேண்டியதே. ஆனால் கலியாண வாசல் திறந்துவிட்டதா? சாதி கடந்து மணஞ்செய்த இருவர், இரண்டு சாட்சிகளோடு பதிவாளர் முன்னே 'எழுத்து' முடித்து, பெற்றோர் வீட்டுப் படலை இரு பக்கமும் அடைபட, வாடகை அறையொன்றிற் குடியேறுவது இன்றும் நம் ஊர்களில் நிகழ்கின்றது. அவர்களுக்கு மணவறையில்லை; நாதஸ்வரமில்லை; வந்து வாழ்த்தும் மாமன் மாமியில்லை. அந்த எழுத்து நாள் ஒன்றே உண்டு. அந்நாளை ஆண்டுதோறும் அவர்கள் இருவரும், பிறகு அவர்கள் பிள்ளைகளும், ஒரு பனங்கட்டிக் குட்டானோடும் இரண்டு தேநீரோடும் நினைவுகூர்வராயின் அது மனமயக்கமன்று. வென்ற போராட்டத்தின் நினைவு நாள். மே தினத்திற்குக் கொடியேற்றும் நாம் இந்நாளைக் கண்டு நகைப்பது தகாது.

இவ்வளவும் கூறியமையால், உள்ளூர்ச் சந்தையைப் புனிதத் தலமாக்கிப் பாடுவது நம் நோக்கமன்று. சந்தையிலும் சுரண்டல் உண்டு. யாழ்ப்பாணத்துச் சந்தைகளிலே நூறு கிலோ மரக்கறி கொண்டுவரும் விவசாயியிடம் பத்துக் கிலோவைக் 'கழிவு' என்று கழித்துக்கொண்டு விலை கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து விவசாயிகள் பல்லாண்டாகக் குரல் எழுப்பி வந்துள்ளனர். அங்காடிப் பலகையில் அடுக்கியிருக்கும் பொருள்களிற் பல கடல் கடந்து வந்த பிளாஸ்டிக். அவற்றை உள்ளூரில் விற்பதால் மட்டும் அவை உள்ளூர்ப் பொருளாகிவிடா.

ஆயினும் சந்தைக்கும் கண்ணாடிக் கடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சந்தையிலே பொருளை ஆக்கிய கையை நாம் சில வேளை நேரிற் காண முடியும். சார்வோலையை வெட்டி, வெயிலிற் காயவைத்து, ஒரே அளவாக வார்ந்து, சாயத்தில் அவித்து, பின்னர் இழை இழையாகப் பின்னி ஒரு மூடற்பெட்டியை முடித்தவளே அதனை முன்னால் வைத்துக்கொண்டு சாக்கிலே அமர்ந்திருக்கின்றாள். போரிற் கணவனை இழந்து, பெட்டி இழைத்துப் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் அவர்களிடையே உண்டு. அவளிடம் நாம் நடந்துகொள்ளும் முறை யாது? குளிரூட்டிய கடையிலே ஒட்டியிருக்கும் விலைச்சீட்டை வாய் திறவாது ஏற்கும் அதே மனிதர், இவளிடம் ஐம்பது ரூபாவுக்காகக் கால்மணி நேரம் பேரம் பேசுகின்றார். ஒருத்தியின் ஒருநாட் கூலியைக் குறைத்து இன்னொருத்திக்கு அன்புப் பரிசு வாங்குவதிலே அன்பு எங்கே இருக்கின்றது? சந்தையிற் பரிசு வாங்குவோர் கேட்ட விலையைக் கொடுத்து வாங்குதல் வேண்டும். அந்நாளில் அதுவே முதற்பரிசு.

இறுதியாக, மிகவும் கசப்பான பகுதி. ஆண்டு நிறைவன்று மனைவியின் கையில் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு, "நான் வாங்கிக் கொடுத்தேன்" என்று கணவன் கூறுகின்றான். யாருடைய பணத்தில்? மேலே குறித்த தேசவழமையின் மூன்றாம் பகுப்பை இங்கே நினைவூட்டல் வேண்டும். மணவாழ்க்கையில் ஈட்டியது தேடிய தேட்டம். அவ்வழமையின்படி அதில் இருவருக்கும் சம உரிமை இருந்தது. ஆணாதிக்கம் நிறைந்த அப்பழைய வழமையே ஏற்றுக்கொண்ட உண்மையை நம் முற்போக்காளர் வீடுகள் இன்னும் ஏற்கவில்லை. அவள் அதிகாலை எழுந்து சமைத்தாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாள், பலவேளை தானும் வேலைக்குப் போய் வந்தாள்; அவ்வுழைப்பின் மேல் நின்றே அவன் ஊதியம் வீடு வந்தது. அவ்வூதியத்தில் வாங்கிய வளையலிற் பாதி ஏற்கெனவே அவளுடையது. ஆகவே கொடுத்தவன் என்ற செருக்குக்கு இடமில்லை.

செருக்கிலும் கொடியது கைம்மாறு எதிர்பார்த்தல். ஆண்டில் 364 நாட் சமையலறைப் பக்கம் திரும்பாதவன், ஒரு நாட் பூவும் இனிப்பும் கொண்டுவந்து அக்கடனைத் தீர்த்ததாக எண்ணுவானாயின், அப்பூ பரிசன்று, குறைந்த கூலி. தோட்ட முதலாளி பண்டிகைக்கு முற்பணம் கொடுத்துவிட்டு நாட்சம்பள உயர்வை மறுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு எங்கே? முதலாளியின் தந்திரத்தைக் கூட்ட மேடையிலே தோலுரிக்கும் நாம், நம் வீட்டிலே அதனை நிகழ்த்துவதைக் காண மறுக்கின்றோம். கூட்டம் முடிந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் தோழர்க்குச் சோறு சூடாக இருக்கின்றது. அதனைச் சூடாக வைத்திருந்தவளுக்கு அக்கூட்டத்திற்கு வர நேரமிருந்ததா என்று அவர் கேட்டதுண்டா?

ஆகவே ஆண்டு நிறைவைக் கொண்டாடுக. சந்தையிற் சிறு பொருள் வாங்குக. கடன்படாமல், பேரம் பேசாமல் வாங்குக. கணவன் மட்டும் வாங்கி மனைவி மட்டும் பெறும் ஒருவழிப் பாதையாக அதனை ஆக்காமல் இருவரும் வாங்குக. அந்நாளிலே, கடந்த ஆண்டில் வீட்டுச் சுமையில் யார் எவ்வளவு சுமந்தார் என இருவரும் கணக்குப் பார்த்து, வரும் ஆண்டுக்கு அதனை மாற்றிப் பகிர்ந்துகொள்க. ஆசிரியராகிய நாம் நம் மாணவ மாணவியர்க்குக் குறுந்தொகை கற்பிக்கும்போது, கையுறை வழங்கிய தலைவனைப் பற்றி மட்டுமன்றி அதனை மறுத்த தோழியைப் பற்றியும் கற்பிப்போமாக. சீதனத்தை வேண்டாம் என்று கூறும் ஆண்மகனும், வேண்டாம் என்று கூறினால் அவ்வுறவு முறிந்துவிடாது என்று அஞ்சாதிருக்கும் பெண்மகளும் நம் வகுப்பறைகளிலிருந்து தோன்றுதல் வேண்டும். "இந்த முறை வளையல் வேண்டாம், ஞாயிறுதோறும் நீங்கள் சமையுங்கள்" என்று ஒரு மனைவி தயக்கமின்றிக் கூறவும், கணவன் அதனை அவமதிப்பாகக் கொள்ளாது அடுப்படிக்குப் போகவும் இயலும் வீட்டிலேதான் சந்தையில் வாங்கிய சீப்பும் பரிசாகும்.